ஷிப்ட் முடிந்தவர்களுக்கு ஒரு கூடம்

திருப்பூரின் பொதுவாழ்வு வரலாற்றில் வயதானவர்களைத் தேடினால் எளிதில் அகப்பட மாட்டார்கள். கொடி காத்த குமரன் 1932 ஜனவரியில் தடியடிபட்டு இறந்தபோது அவருக்கு வயது 27. அவர் நடத்திவந்தது தேசபந்து வாலிபர் சங்கம். அண்ணா முதன்முதலில் பெரியாரைச் சந்தித்ததும் இதே ஊரில்தான். 1934இல், ஓர் இளைஞர் மாநாட்டில். பிறகு வந்த பனியன் தொழிலும் இளமையைத்தான் கேட்டது. ஊசியில் நூல் கோக்கும் கண், ஒன்றரை ஷிப்ட் நின்றாலும் சளைக்காத கால், தையல்காரருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடிப் பிள்ளைகளின் வேகம். சங்கம், மாநாடு, கம்பெனி, கொடிக்கம்பம் என்று இந்த ஊர் கட்டிக்கொண்ட பொது இடங்களெல்லாம் இருபது வயதுக்காரனை மனதில் வைத்துக் கட்டியவை.

அந்த இருபது வயதுக்காரனுக்கு வயதாகிவிட்டது. 1984இல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் நடந்த வேலைநிறுத்தம் திருப்பூர்த் தொழிலாளர் வரலாற்றின் பெரிய அத்தியாயம். அன்று இருபது வயதில் கேட்டுக்கு வெளியே நின்றவர் 2024இல் அறுபதைத் தொட்டார். தமிழக மக்கள்தொகையில் அறுபது வயதைத் தாண்டியவர்கள் 2011 கணக்கெடுப்பில் ஏறத்தாழ நூற்றுக்குப் பத்துப் பேர். 2021க்கான மதிப்பீடு 13.6 விழுக்காடு. கேரளத்துக்கு அடுத்தபடி நாட்டிலேயே வேகமாக நரைக்கும் மாநிலம் இது. பகலில் இவர்கள் எங்கே போய் உட்காருவார்கள் என்ற கேள்விக்கு பனியன் பூமியில் இன்று ரயில் நிலைய பெஞ்சு, கோயில் மண்டபம், டீக்கடை வாசல் என்றுதான் பதில் வரும்.

முன்பு இந்தக் கேள்வி எழவில்லை என்று சொல்வதற்கில்லை. எழுந்தது, ஒவ்வொரு தலைமுறையும் தன் வசதிக்கேற்ப ஒரு விடையும் கட்டிவைத்தது. அந்தக் கட்டடங்களில் பல இப்போதும் நிற்கின்றன, ஆள்தான் இல்லை. எது எப்படி வெறிச்சோடியது என்று பார்த்தால், புதிதாக ஒன்று கட்ட நினைப்பவர்களுக்கு வேண்டிய விவரம் அதிலேயே இருக்கிறது.

கொங்கு நாட்டு ஊர்கள் காவிரிப் படுகையின் தெருக்களைப் போல நெருங்கிக் கட்டப்பட்டவை அல்ல. குடியானவர்கள் பலரும் தோட்டத்துச் சாளையிலேயே இருப்பார்கள். ஊர் நடுவே கோயிலும், அரசமரத்து மேடையும், சாவடியும் இருக்கும். நாலு தூணும் ஒரு கூரையுமான அந்தச் சாவடியில்தான் மணியகாரர் வரி வசூலிப்பார், கர்ணம் கணக்கெழுதுவார், ஊர் நியாயம் நடக்கும். வேலை ஓய்ந்த பெரியவர்கள் அங்கே உட்கார்ந்திருந்ததற்குக் காரணம் கூரை மட்டும் இல்லை. ஊரின் வரவும் செலவும் வம்பும் வழக்கும் அந்த வழியாகத்தான் போயாக வேண்டும். போகும்போது ஒரு பெரியவரின் வாய்ச்சொல் தேவைப்படும். யார் நிலத்துக்கு எது எல்லை என்பது ஏட்டில் இருந்ததைவிட அப்பாருகளின் நினைவில் தெளிவாக இருந்த காலம் அது.

சாவடியை நினைத்து உருகுவதற்கு முன் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அது எல்லோருக்குமான இடமாக இருக்கவில்லை. காலனிக்காரர் அங்கே ஏறி உட்கார முடியாது. நிற்கலாம், அதுவும் தள்ளி. பெண்களுக்கும் அங்கே இடமில்லை. ஆத்தாக்களின் பொதுவிடம் கிணற்றடியும் கோயில் வாசலும்தான்.

சாவடியின் உயிரை எடுத்தது ஓர் அவசரச் சட்டம் என்று சொன்னால் மிகையாகத் தோன்றலாம். பரம்பரை கர்ணம், மணியகாரர் பதவிகளை எம்.ஜி.ஆர். அரசு 1980 நவம்பரில் ஒழித்தது. அவர்கள் இடத்துக்குத் தேர்வெழுதித் தேறிய கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். நியாயமான சீர்திருத்தம். ஆனால் கணக்கு அலுவலகத்துக்குப் போனதும், சாவடிக்குப் போக யாருக்கும் வேலையில்லாமல் போயிற்று. வேலை போன இடத்தில் பெரியவர்கள் மட்டும் எதற்கு உட்கார்ந்திருப்பார்கள்?

நகரத்தில் கதை வேறு. 1925இல் அகில பாரத நூற்போர் சங்கம் தொடங்கப்பட்ட பிறகு அதன் தமிழ்நாட்டுக் கிளைக்குத் தலைமையிடம் ஆனது திருப்பூர். கருங்கண்ணிப் பருத்தி விளைந்த காடுகளைச் சுற்றியிருந்த கிராமங்களில் ராட்டை சுற்றியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். காட்டு வேலைக்குப் போக முடியாத வயதானவர்கள் அவர்களில் நிறைய. நூலைக் கொண்டுவந்து எடைபோட்டுக் கொடுத்து, கூலியையும் பஞ்சையும் வாங்கிக்கொண்டு போவார்கள். நூல் எடைபோடும் நாள் அவர்களுக்கு ஊர்ச்செய்தி தெரிந்துகொள்ளும் நாளும்கூட. முதியோர் நலம் என்று யாரும் அதற்குப் பெயர் வைக்கவில்லை. ஆனாலும் சிறு வருமானம், கைக்கு ஒரு வேலை, நாலு பேர் முகம் என்று இன்றைய முதியோர் மையத் திட்டங்கள் பட்டியல் போடுகிறவற்றில் முக்கால்வாசி அங்கே இருந்தது. அதே பத்தாண்டில்தான் இந்த ஊருக்குப் பின்னலாடை எந்திரமும் வந்தது. கதர் மெல்லப் பின்வாங்கியபோது கிழவிகளின் அந்தச் சந்திப்பும் பின்வாங்கியது.

திருப்பூரில் பிறந்த ஒருவர் இந்தக் கதைக்குள் எதிர்பாராத வழியில் வருகிறார். தி. சு. அவினாசிலிங்கம் 1903இல் இங்கே பிறந்தவர். கோவை ராமகிருஷ்ண வித்யாலயத்தை நிறுவியவர். 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்தார். அவர் காலத்தில்தான் 1948இன் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. அதன் பின்னால் நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். அரங்கநாதனின் நீண்ட உழைப்பு உண்டு. சட்டத்தின் சூட்சுமம் வரியில் இருந்தது. வீட்டுவரியோடு நூலகத்துக்கென்று ஒரு சிறு மேல்வரி சேர்த்து வசூலிக்க வேண்டும். அந்தப் பணம் நூலகத்துக்கே போக வேண்டும். நன்கொடையாளரின் மனநிலையையும் ஆட்சியாளரின் தயவையும் நம்பாத ஏற்பாடு. எழுபது ஆண்டுகளைக் கடந்தும் கிளை நூலகங்கள் மூடப்படாமல் இருப்பதற்கு இந்தச் சில்லறைக் காசுதான் காரணம். காலையில் கதவு திறக்குமுன் வாசலில் நிற்பவர்களைப் பார்த்தால் தெரியும், சட்டம் யாரை மனதில் வைத்து எழுதப்பட்டிருந்தாலும் அதை முழுசாகப் பயன்படுத்திக்கொண்டவர்கள் ஓய்வுபெற்ற ஆண்கள். நாலு நாளிதழ், ஒரு மின்விசிறி, யாரும் எழுந்திரு என்று சொல்லாத நாற்காலி.

தெருமுனைப் படிப்பகங்களும் அதே வேலையைச் செய்தன. தி.மு.க., பொதுவுடைமைக் கட்சி, மன்றங்கள் என்று ஆளுக்கொரு கீற்றுக் கொட்டகை போட்டு நாளிதழ் வாங்கிப் போட்டார்கள். எழுதப்படிக்கத் தெரியாத பெரியவருக்கு ஒரு பையன் உரக்கப் படித்துக் காட்டுவான். அரசியலுக்காகக் கட்டிய கொட்டகையில் கிழவருக்கும் பையனுக்கும் பேச்சு இருந்தது. வயதானவர்களை மட்டும் தனியே கூட்டி உட்காரவைக்கும் இன்றைய மையங்களில் தேடினாலும் கிடைக்காத ஒன்று அது.

பஞ்சாயத்து ரேடியோவின் ஆயுள் குறைவு. பூங்கா என்று பெயரிட்ட ஒரு வேலிக்குள் சிறு அறை, அதன் மேல் ஒலிபெருக்கி, சாயங்காலமானால் சுற்றிலும் ஆட்கள். டெல்லியிலிருந்து சரோஜ் நாராயணசுவாமி செய்தி வாசித்தால் ஊரே கேட்டது. டிரான்சிஸ்டர் மலிவானதும் அந்த அறை காலியாயிற்று. பிறகு அதே போல டி.வி. அறை. 1980களின் பிற்பகுதியில் கொடைக்கானல் கோபுரம் வந்த பிறகு கொங்கு கிராமங்களுக்குத் தூர்தர்ஷன் தெளிவாகக் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமைப் படத்துக்கு டி.வி. ரூம் முன்னால் பாய் விரித்தார்கள். 2006 செப்டம்பரில் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் தொடங்கி ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் பெட்டி போனது. டி.வி. ரூமுக்குப் பூட்டு வந்தது. அதே ஆண்டில் தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் ஊராட்சிதோறும் நூலகக் கட்டடம் கட்டியது. கட்டடத்துக்கு நிதி இருந்தது. தினமும் திறந்து வைக்கும் ஆளுக்கு இருந்ததா என்பதை அந்தப் பூட்டுகளில் ஏறிய துருவே சொல்லும்.

இவை எல்லாவற்றையும்விடக் கெட்டியாக நின்றது சோறு.

காமராஜர் ஆட்சியில் 1962 ஏப்ரல் முதல் நாள் தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் தொடங்கியது. மாதம் 20 ரூபாய். மணியார்டராகத் தபால்காரர் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுப்பார். தனியாக இருக்கும் கிழவிக்கு மாதத்தில் ஒரு நாள் பேர் சொல்லிக் கூப்பிடும் குரல் அதுதான். 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவுத் திட்டம் 1983 ஜனவரியில் ஓய்வூதியம் பெறும் முதியோருக்கும் நீட்டிக்கப்பட்டது. குழந்தைகள் சாப்பிடும் மையத்திலேயே பெரியவர்களுக்கும் மதியச் சோறு. அதே ஆண்டு பொங்கலுக்கு இலவச வேட்டி சேலைத் திட்டமும் வந்தது. கைத்தறிக்காரருக்கு வேலை, ஏழைக்குத் துணி என்று இரண்டு கணக்கு அதில். ஓய்வூதியம் பெறுவோருக்கு மாத அரிசியும் உண்டு: மையத்தில் சாப்பிடுகிறவருக்கு இரண்டு கிலோ, சாப்பிடாதவருக்கு நான்கு கிலோ.

இந்த ஏற்பாட்டின் அருமையை அதை வகுத்தவர்களே முழுசாக உணர்ந்தார்களா என்று தெரியவில்லை. முதியோர் மையம் என்று உலகம் இன்று சொல்வதன் கரு அதில் இருந்தது: ஒரு கட்டடம், ஒரு அடுப்பு, சமைக்க ஆள், தினமும் வருவதற்கு ஒரு காரணம், பக்கத்தில் குழந்தைகள். இல்லாமல் போனது பெரியவர்கள் உட்காரத் தனியே ஒரு பெஞ்சும், சாப்பிட்ட பிறகு இரண்டு மணி நேரம் இருந்துவிட்டுப் போகலாம் என்ற அனுமதியும். வரிசையில் தட்டோடு குழந்தைகளுக்குப் பின்னால் நிற்கக் கூச்சப்பட்ட பலர் நான்கு கிலோ அரிசியை வாங்கிக்கொண்டு வீட்டோடு இருந்துவிட்டார்கள். கூச்சம் பெரிய விஷயம். கௌரவத்தைப் பார்க்கும் கொங்கு நாட்டில் அது இன்னும் பெரிய விஷயம்.

2013 ஜூனில் அம்மா உணவகம் திருப்பூர் மாநகராட்சிக்கு வந்தபோது அந்தக் கூச்சத்துக்கு வழி பிறந்தது. இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய், தயிர் சாதம் மூன்று ரூபாய். காசு கொடுத்துச் சாப்பிடுவதால் யாசகம் என்ற நினைப்பு வராது. விலை எத்தனை சிறிதாக இருந்தாலும் சரி, அது கைநீட்டலை வாடிக்கையாக மாற்றிவிடுகிறது. மலிவாக ஒரு மையம் நடத்த நினைப்பவர்கள் இலவசம் என்று பலகை மாட்டுவதற்கு முன் இதை யோசிக்க வேண்டும்.

முதியோர் மையம் என்ற பெயரிலேயே தொடங்கியவர்களையும் பார்க்கலாம். அமெரிக்காவில் முதல் முதியோர் மையம் என்று சொல்லப்படுவது 1943இல் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் திறந்த வில்லியம் ஹாட்சன் சமூக மையம். நகர நலத்துறை ஆணையராக இருந்து அந்த ஆண்டு விமான விபத்தில் இறந்தவரின் பெயர் அது. நலத்துறை அலுவலகத்துக்கு உதவி கேட்டு வரும் வயதானவர்கள் காரியம் முடிந்தும் போகாமல் பேசிக்கொண்டே இருப்பதை அங்கிருந்த சமூகப் பணியாளர்கள் கவனித்தார்கள். அவர்களுக்குத் தேவை பணம் மட்டுமில்லை என்று புரிந்தது. அதிலிருந்து பிறந்த மையம் அது. நம் பக்கத்தில் கேரள உள்ளாட்சிகள் ‘பகல் வீடு’ என்று நடத்துகின்றன. தமிழக அரசு 2025–26 வரவுசெலவுத் திட்டத்தில் மாநகரங்களில் 25 ‘அன்புச்சோலை’ பகல்நேர மையங்களுக்கு 10 கோடி ரூபாய் ஒதுக்கியது. வகுத்துப் பார்த்தால் மையத்துக்கு 40 லட்சம். ஆரம்பத்துக்குக் குறைவில்லை. ஆனால் ஊத்துக்குளி, பெருமாநல்லூர், குன்னத்தூர் மாதிரியான ஊர்களின் வயதானவர்கள் பேருந்து ஏறி மாநகரத்துக்கு வந்து பகலைக் கழிக்கப் போவதில்லை.

அந்த ஊர்களில்தான் தேவை அதிகம் என்பதற்கு வலுவான சாட்சி தோட்டத்து வீடுகள். பிள்ளைகள் திருப்பூர் கம்பெனிக்கோ பெங்களூருக்கோ போய்விட, பெற்றோர் மட்டும் காட்டுக்குள் இருக்கிறார்கள். 2024 நவம்பரில் பல்லடம் அருகே அப்படிப்பட்ட ஒரு வீட்டில் வயதான தம்பதியும் மகனும் கொல்லப்பட்ட பிறகு, தனியே இருக்கும் முதியவர்களைப் பற்றிய பேச்சு இந்த வட்டாரத்தில் காவல் ரோந்து, கண்காணிப்புக் கேமரா என்றே சுருங்கிவிட்டது. இரண்டும் வேண்டும்தான். ஆனால் காலை பத்து மணிக்கு வர வேண்டியவர் வரவில்லையே என்று கவலைப்பட நாலு பேர் இருப்பதும் ஒரு காவல்தான்.

கட்டடம் கிடைக்காத ஊர் என்று இங்கே எதையும் சொல்ல முடியாது. பேரூராட்சி, ஊராட்சி சமுதாயக் கூடங்கள் பெரும்பாலும் கல்யாணத்துக்கும் சீருக்கும் என்று கட்டியவை. முகூர்த்தம் இல்லாத நாளில் சும்மா கிடக்கும். ஆடியிலும் மார்கழியிலும் கேட்பாரில்லை. ஆனால் வாடகை வருவதோ அந்த முகூர்த்த நாள்களில்தான். ஆகவே பெரியவர்களுக்கென்று ஒரு கூடத்தைத் தினமும் ஒதுக்குவது உள்ளாட்சிக்கு வருமான இழப்பாகவே தெரியும். இரண்டு படி ஏறினால் மூச்சு வாங்குபவருக்குச் சாய்தளமும், மேற்கத்திய கழிப்பறையும், பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும் இல்லாத கூடங்களும் நிறைய. இவற்றைச் சேர்க்கப் பெரும்பணம் ஆகாது. 1990களின் பிற்பகுதியில் தொடங்கி, இடையில் தன்னிறைவுத் திட்டம் என்று பெயர் மாறி, 2021இல் பழைய பெயருக்கே திரும்பிய ‘நமக்கு நாமே’ திட்டத்தில், மக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு தரும். ஒரு பனியன் கம்பெனி உரிமையாளருக்கு அந்த ஒரு பங்கு பெரிய தொகை இல்லை. 2015 முதல் ‘வனத்துக்குள் திருப்பூர்’ இயக்கத்தில் லட்சக்கணக்கான மரக்கன்றுகளுக்குக் கொடுத்த கைகள் இங்கேதான் இருக்கின்றன.

சிக்கல் மாதாமாதம் வருகிற செலவில் இருக்கிறது. சமைக்கிற அம்மாவின் சம்பளம், மின்கட்டணம், வாரம் ஒரு முறை ரத்த அழுத்தம் பார்க்க வரும் செவிலியர், கூடத்தைத் திறந்து பூட்டும் ஆள். திறப்புவிழாக் கல்லில் பெயர் பொறிக்க வருபவர்கள் இதற்கு வரமாட்டார்கள். 2013ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டம் லாபத்தில் இரண்டு விழுக்காட்டைச் சமூகத்துக்குச் செலவிடச் சொல்கிறது. அதன் ஏழாம் அட்டவணையில் முதியோருக்கான பகல்நேர மையமும் இடம்பெற்றிருக்கிறது. ஆனால் அந்தக் கடமை ஐந்து கோடி நிகர லாபம், ஆயிரம் கோடி விற்றுமுதல் போன்ற வரம்பைத் தொட்ட கம்பெனிகளுக்கு மட்டும். திருப்பூரின் யூனிட்டுகளில் பெரும்பாலானவை கூட்டாளிகள் சேர்ந்தோ ஒருவர் தனியாகவோ நடத்துகிற சிறு நிறுவனங்கள். ஜாப் ஒர்க் பட்டறைகள். சட்டம் அவர்களைத் தொடாது. தென் மாவட்ட வணிகர்கள் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை பிடித்துப் பள்ளிக்கூடம் நடத்திய முறையோ, அவினாசிலிங்கம் காலத்து நூலக மேல்வரியோ இந்த ஊருக்கு நன்றாகவே பொருந்தும்: பெட்டிக்கு ஒரு ரூபாய் என்றால் ஏற்றுமதியாளரின் கணக்கில் அது தெரியக்கூடத் தெரியாது.

அரசுப் பக்கம் பார்த்தால் பணத்தைவிட வழிகள்தான் பிரிந்து கிடக்கின்றன. முதியோர் ஓய்வூதியம் வருவாய்த் துறையின் கையில். மதியச் சோறு சமூக நலத் துறையில். நூலகம் பள்ளிக் கல்வித் துறையில். கூடம் உள்ளாட்சியிடம். தையல் தொழிலாளர் நல வாரிய ஓய்வூதியம் தொழிலாளர் துறையில். 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் மாவட்டத்துக்கு ஒன்றாவது, ஆதரவற்ற 150 பேர் தங்க முதியோர் இல்லம் அமைப்பதைப் பற்றிப் பேசுகிறது. வீட்டில் இருந்துகொண்டே பகலில் வந்து போகிறவரைப் பற்றி அதில் அவ்வளவாக இல்லை. ஐந்து துறைகளின் பொருள்களும் ஒரே கூரைக்குக் கீழ் வர ஓர் ஊராட்சித் தலைவர் எத்தனை மேசைக்கு அலைய வேண்டும் என்பதை அவரைக் கேட்டால்தான் தெரியும்.

இதற்கு நடுவே யார் கணக்கிலும் வராத ஒரு கூட்டம் இருக்கிறது. தேனியிலிருந்தும் மதுரையிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் முப்பது, நாற்பது வருடங்களுக்கு முன் வந்து, பீஸ் ரேட்டில் ஓவர்லாக் ஓட்டி, கம்பெனிக்குக் கம்பெனி மாறியதால் வருங்கால வைப்புநிதிக் கணக்கு முழுசாக இல்லாதவர்கள். கணக்கு இருந்தாலும் 2014 செப்டம்பர் முதல் அதன் குறைந்தபட்ச ஓய்வூதியம் ஆயிரம் ரூபாய்தான். அரசின் முதியோர் ஓய்வூதியம் 2023இல் 1,200 ஆனது. ஆனால் அதற்கான விண்ணப்பம் குடும்ப அட்டையின் முகவரியைப் பார்க்கும், அந்த அட்டை பலருக்கு இன்னும் சொந்த ஊரில். ரேஷன் அரிசியை இப்போது எந்தக் கடையிலும் வாங்கலாம். ஓய்வூதியம் அப்படி நகர்வதில்லை. லைன் வீட்டின் பத்தடிக்குப் பத்தடி அறையில் மகனும் மருமகளும் ஷிப்டுக்குப் போன பிறகு இவர்கள் பிசிறு வெட்டுகிறார்கள், அல்லது பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறார்கள். ஒரு மையம் வந்தால் முதலில் அங்கே வரக்கூடியவர்களும் இவர்களே, பதிவேட்டில் பெயர் எழுதும்போது எந்த ஊர் என்று கேட்டுத் திருப்பி அனுப்பப்படக்கூடியவர்களும் இவர்களே.